பழங்கற்படியும் காந்த நாடாவும்: நிறுவன ஆவணங்களுக்கான சேமிப்பூடகத் தேர்வு குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

நிறுவனங்கள் தம் ஆவணங்களுக்குரிய சேமிப்பூடகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, எந்த ஊடகம் மிகுதியான ஆண்டுகள் நிலைக்கும் என்னும் வினாவையே பெரும்பாலும் முன்வைக்கின்றன. இவ்வினா தேவையானது, ஆனால் போதுமானதன்று என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். சோழர் காலத்தில் பழைய கல்வெட்டுகள் படியெடுத்து மீண்டும் பொறிக்கப்பட்டமை, 1986இல் உருவான பிபிசி டூம்ஸ்டே ஒளிவட்டுகள், காந்த நாடாவின் தலைமுறை மாற்றம், தமிழ் எழுத்துக் குறியேற்றங்களின் மாற்றம் ஆகிய நேர்வுகள் இங்கு ஒப்பிட்டு ஆராயப்படுகின்றன. ஊடகத்தின் தகுதி அதன் பொருள்வலிமையோடு, அதனைப் படிக்கவும் சரிபார்க்கவும் உரிய காலத்தில் படியெடுக்கவும் நிறுவனத்துக்குள்ள ஆற்றலையும் சார்ந்தது என்னும் முடிவை இவ்வொப்பீடு தருகிறது.

திறவுச்சொற்கள்: ஆவண மேலாண்மை, சேமிப்பூடகம், காந்த நாடா, நுண்படச்சுருள், குறியேற்றம், படியெடுத்தல், பழங்கற்படி.

முன்னுரை

பல்கலைக்கழக நூலகங்களின் ஆய்வேட்டுப் பகுதியில், ஏட்டின் பின்னட்டை உட்புறத்தில் ஒட்டப்பட்ட உறையொன்றில் குறுவட்டு ஒன்று இருப்பதைக் காணலாம். ஆய்வேட்டின் மின்படி நெடுங்காலம் நிலைத்திருக்க வேண்டும் என்ற நோக்கத்தில் அது வைக்கப்பட்டது. இன்று விற்பனையாகும் மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் குறுவட்டு இயக்கி இல்லை. வட்டு கீறலின்றி இருந்தாலும், அதனைப் படிக்கும் கருவி அருகில் இல்லாத நிலை உருவாகியுள்ளது. அதே ஏட்டின் தாள்படியைப் படிக்கக் கண்ணும் வெளிச்சமும் போதும்.

இந்தச் சிறிய காட்சி பெரிய சிக்கல் ஒன்றின் அடையாளமாகும். கோயில் நிலத்தின் பதிவேடு, ஓய்வூதியருடைய பணிப்பதிவேடு, மாணவரின் மதிப்பெண் பட்டியல், மருத்துவமனையின் நோயாளர் குறிப்பு, கூட்டுறவுச் சங்கத்தின் கடன் பேரேடு ஆகியவை எல்லாம் நிறுவன ஆவணங்களே. இவை காணாமற்போகும்போது இழப்பு நிறுவனத்தோடு நிற்பதில்லை. உரிமையை மெய்ப்பிக்க வேண்டிய தனிமனிதரையே அது முதலில் தாக்குகிறது. ஆகவே சேமிப்பூடகத் தேர்வைக் கொள்முதல் பிரிவின் தொழில்நுட்ப முடிவாக மட்டும் கருதுவது பொருந்தாது. அத்தேர்வின் அடிப்படையாக உள்ள கருத்தாக்கத்தைத் திறனாய்வுக்கு உட்படுத்துவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நீடிப்புமையப் பார்வை

ஊடகத் தேர்வு பற்றிய விவாதங்களில் ஆயுட்கால எண்களே முன்னிற்கின்றன. பாலியெஸ்டர் அடித்தளத்தில் அமைந்த வெள்ளி ஜெலட்டின் நுண்படச்சுருள், தரநிலைகள் கூறும் முறையில் பதப்படுத்தப்பட்டுச் சேமிக்கப்பட்டால் 500 ஆண்டுகள் நிலைக்கத்தக்கது என மதிப்பிடப்படுகிறது. எல்டிஓ வகைக் காந்த நாடாவுக்கு 30 ஆண்டுகள் வரை கூறப்படுகிறது. வன்தட்டுகளுக்கு உற்பத்தியாளர்கள் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டு உத்தரவாதமே தருகின்றனர். இவ்வெண்களை வரிசைப்படுத்தி, மிகப் பெரிய எண்ணுக்குரிய ஊடகத்தைத் தேர்வதே அறிவுடைமை என்னும் அணுகுமுறையை நீடிப்புமையப் பார்வை எனக் குறிப்பிடலாம்.

இப்பார்வையின் முதற்குறை, ஆயுட்கால எண்ணோடு இணைந்துள்ள நிபந்தனைகளை அது விட்டுவிடுவதாகும். நுண்படச்சுருளின் 500 ஆண்டு என்னும் மதிப்பீடு குறிப்பிட்ட வெப்பம், ஈரப்பதம், வேதித்தூய்மை ஆகியவற்றைச் சார்ந்தது. அதே நுண்படம் செல்லுலோஸ் அசிட்டேட் அடித்தளத்தில் இருந்தால் நிலைமை வேறு. வெப்பமும் ஈரமும் மிகுந்த அறையில் அசிட்டேட் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். வெளிப்பட்ட அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும். புளிக்காடி வாடை வீசுவதால் இது புளிக்காடி நோய் என்று அழைக்கப்படுகிறது. கோடையில் 40 பாகை செல்சியசைத் தொடும் ஊர்களிலும், ஆண்டு முழுவதும் ஈரக்காற்று வீசும் கடற்கரை ஊர்களிலும் உள்ள நிறுவனங்கள், குளிர்நாட்டு ஆய்வகத்தில் கணிக்கப்பட்ட எண்ணை அப்படியே ஏற்பது பிழையாகிவிடும்.

திண்மநிலை வட்டு இதற்கு மற்றொரு சான்று. விரைவுக்கும் அசையும் உறுப்பு இல்லாமைக்கும் பெயர் பெற்ற இவ்வட்டு உறுதியானது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஜெடெக் என்னும் குறைகடத்தித் தொழில் தரநிலை அமைப்பின் வரையறையோ வேறொன்றைக் கூறுகிறது. எழுதும் திறனின் எல்லையை எட்டிய வட்டு, மின்னிணைப்பின்றி இருக்கும்போது தரவைத் தக்கவைக்க வேண்டிய குறைந்த காலம், தனிப்பயனர் வகைக்கு 30 பாகை செல்சியசில் ஓராண்டு. நிறுவனப் பயன்பாட்டு வகைக்கு 40 பாகையில் மூன்று மாதம். நாள்தோறும் இயங்கும் சேவைக்கு ஏற்ற இவ்வூடகம், எழுதி எடுத்து இரும்புப் பெட்டியில் பூட்டிவைப்பதற்கு ஏற்றதன்று. நிறுவனப் பயன்பாட்டு வகை என்ற பெயரைக் கண்டே அதனை ஆவணக் காப்புக்கும் வாங்குவது, ஊடகத்தின் விலையை அறிந்து அதன் இயல்பை அறியாமையின் விளைவாகும்.

இரண்டாவது குறை இதைவிட ஆழமானது. பொருள் நிலைத்திருப்பதும் ஆவணம் நிலைத்திருப்பதும் ஒன்றே என நீடிப்புமையப் பார்வை கருதிக்கொள்கிறது. இக்கருத்தின் செல்லுபடியைச் சோதிக்க, ஊடகங்களிலேயே வலிமை வாய்ந்ததாகிய கல்லின் வரலாறு துணைபுரிகிறது.

2. பழங்கற்படி தரும் சான்று

சோழர் ஆட்சியில் ஓர் அரசாணை பல ஊடகங்களைக் கடந்தே கல்லை அடைந்தது. அரசனின் வாய்மொழி ஆணை திருவாய்க்கேள்வி எனப்பட்டது. அது திருமந்திர ஓலையில் எழுதப்பட்டது. ஓலைநாயகம் அதனைச் சரிபார்த்தார். பின்னர் அது புரவுவரித் திணைக்களத்தாரின் கணக்கில் வரியிலிடப்பட்டது. உரியவர்களுக்கு ஓலையாக அனுப்பப்பட்ட பிறகே கல்லிலோ செம்பிலோ பொறிக்கப்பட்டது. ஒவ்வோர் ஊடகத்துக்கும் தனிப்பணி இருந்தது. ஓலை விரைவாகச் செல்வதற்கு. வரிக்கணக்கு ஆட்சியின் அன்றாடப் பார்வைக்கு. செப்பேடு உரிமை பெற்றவர் கையில் வைத்துக்கொள்வதற்கு. கல்வெட்டு ஊரறிய நிற்பதற்கு. ஒரே ஆவணத்துக்கு ஓர் ஊடகம் போதாது என்பதை அந்நிருவாகம் நடைமுறையில் உணர்ந்திருந்தது.

இதனினும் குறிப்பிடத்தக்கது கல்வெட்டுகளே படியெடுக்கப்பட்ட செய்தியாகும். திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் புதுப்பிக்க முதலாம் இராசராசன் காலத்தில் ஆணையிடப்பட்டபோது, அங்கிருந்த கல்வெட்டுகள் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டன. முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவை மீண்டும் சுவரில் பொறிக்கப்பட்டன. செம்பியன் மாதேவியார் கற்றளியாக எடுப்பித்த திருக்கோடிகாவல் கோயிலில், முன்னிருந்த கல்வெட்டுகள் புதிய சுவரில் வெட்டப்பட்டு, அவை பழங்கற்படி என்ற குறிப்பையும் பெற்றுள்ளன.

இச்செய்திகளிலிருந்து மூன்று கருத்துகளைப் பெறலாம். முதலாவது, கல்லும் தன்னளவில் ஆவணத்தைக் காக்கவில்லை. கல் அமைந்த கட்டடம் மாறியபோது ஆவணமும் இடம்பெயர வேண்டியிருந்தது. இரண்டாவது, கல்லிலிருந்து கல்லுக்குச் செல்லும் இடைவழியில், அதனினும் மெலிந்த ஊடகமாகிய புத்தகமே ஆவணத்தைத் தாங்கிச் சென்றது. திருமழபாடியில் ஓர் ஆட்சிக்காலத்தில் தொடங்கிய பணி அடுத்த ஆட்சிக்காலத்தில் நிறைவெய்தியதால், இடைப்பட்ட ஆண்டுகளில் அப்புத்தகத்தைப் பேணிய பொறுப்பாளர்களே ஆவணத்தின் உண்மையான காவலர் ஆகின்றனர். மூன்றாவது, படி தன்னைப் படி என்று வெளிப்படையாக அறிவித்துக்கொள்கிறது. மூலம் எது, படி எது என்னும் தெளிவு இல்லையேல் ஆவணத்தின் நம்பகம் குலையும் என்ற விழிப்பு அக்குறிப்பில் புலப்படுகிறது. இன்றைய ஆவணவியல் தோற்றத் தரவு என்று கூறுவதன் தொல்வடிவமாக இதனைக் கொள்ளலாம்.

3. பொருள் நிலைத்தும் வாசிப்பு இழந்த நேர்வுகள்

கல்வெட்டுக்குக் கட்டடம் எவ்வாறோ, மின்னூடகத்துக்கு இயக்கியும் மென்பொருளும் அவ்வாறு. இங்கிலாந்தில் 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலப்பதிவேட்டின் 900ஆம் ஆண்டை ஒட்டி, பிபிசி நிறுவனம் நாடு முழுவதும் மக்களிடமிருந்து செய்திகளும் படங்களும் திரட்டி 1986இல் இரண்டு லேசர் ஒளிவட்டுகளில் வெளியிட்டது. அவற்றைப் படிக்கப் பிபிசி மாஸ்டர் கணினியும் அதற்கென அமைந்த பிலிப்ஸ் ஒளிவட்டு இயக்கியும் தேவைப்பட்டன. பதினைந்து ஆண்டுகள் கழிவதற்குள் இயங்கும் கருவிகள் அரிதாகிவிட்டன. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் கூட்டுத்திட்டம் ஒன்று 2002இல் பழைய கணினியின் செயல்பாட்டைப் புதிய கணினியில் போலச்செய்து அத்தரவைப் படிக்க வழிகண்டது. விலங்குத் தோலில் மையால் எழுதப்பட்ட 1086ஆம் ஆண்டுப் பதிவேட்டுக்கு இத்தகைய மீட்புப்பணி தேவைப்படவில்லை.

இந்நேர்வைத் தோல் வென்றது, ஒளிவட்டு தோற்றது என எளிமையாகச் சுருக்கிவிடுதல் பொருந்தாது. ஒளிவட்டு கெட்டுப்போகவில்லை, அதைச் சூழ்ந்திருந்த கருவித்தொகுதியே வழக்கொழிந்தது. ஒரே நிறுவனத்தார் மட்டும் செய்யும் இயக்கியையும், வெளியிடப்படாத கோப்பு வடிவத்தையும் நம்பியதே அங்கு நேர்ந்த தேர்வுப்பிழை எனலாம்.

எல்டிஓ நாடாவின் வரலாறு இதே சிக்கலை எண்களால் விளக்குகிறது. 2000இல் 100 ஜிகாபைட் கொள்ளளவோடு வந்த முதல் தலைமுறையிலிருந்து, 2021இல் 18 டெராபைட் கொள்ளளவோடு வந்த ஒன்பதாம் தலைமுறை வரை இது வளர்ந்தது. ஏழாம் தலைமுறை வரையிலான இயக்கிகள் தமக்கு முந்தைய இரு தலைமுறை நாடாக்களைப் படித்தன. 2017இல் வந்த எட்டாம் தலைமுறை இயக்கி முந்தைய ஒரு தலைமுறையை மட்டுமே படிக்கும். எனவே 2012இல் வெளிவந்த ஆறாம் தலைமுறை நாடாவை, ஐந்தே ஆண்டுகளுக்குப் பின் வந்த புதிய இயக்கியால் படிக்க இயலாமற்போயிற்று. நாடாவின் பொருள் ஆயுள் 30 ஆண்டு. அதன் வாசிப்பு ஆயுளோ அதில் ஒரு சிறு பகுதி. பழைய இயக்கியைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்வது, அல்லது இரு தலைமுறைக்கு ஒருமுறையேனும் புதிய நாடாவுக்குப் படியெடுப்பது என்னும் இரு வழிகளே நிறுவனத்துக்கு உள்ளன. நாடாவை வாங்கும்போதே இவ்வழிகளில் ஒன்றுக்கான செலவையும் ஏற்றுக்கொண்டதாகவே பொருள்.

மேலும் ஒரு கூறு கருதத்தக்கது. அப்பல்லோ 11 நிலவுப்பயணத்தின் மூலத் தொலையளவு நாடாக்களைத் தேடிய நாசா, அவை பிற்காலத்தில் அழிக்கப்பட்டு மறுபயன்பாட்டுக்கு உட்படுத்தப்பட்டிருக்கக்கூடும் என்ற முடிவை 2009இல் வெளியிட்டது. மீண்டும் எழுதத்தக்க ஊடகம் சிக்கனமானது. அச்சிக்கனமே அதன் ஆபத்தும் ஆகும். திருத்தப்படக்கூடாத ஆவணங்களுக்கு ஒருமுறை மட்டும் எழுதத்தக்க ஊடகமோ, அழிப்பைத் தடுக்கும் ஏற்பாடோ வேண்டப்படுவது இதனாலேயே.

4. குறியேற்றம்: கண்ணுக்குப் புலனாகா ஊடகம்

தமிழில் ஆவணம் பேணும் நிறுவனங்களுக்குப் பிறர் அறியாத ஓர் இடரும் உண்டு. கணினியில் எழுத்து, எண்ணாகவே சேமிக்கப்படுகிறது. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்னும் உடன்பாடு குறியேற்றம் எனப்படும். 1990களில் தமிழுக்குப் பல எட்டுத்துணுக்குக் குறியேற்றங்கள் வழங்கின. டிஸ்கி, டாம், டாப் ஆகியன அவற்றுள் குறிப்பிடத்தக்கன. 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் குறியேற்றங்களைத் தமிழ்நாட்டரசு ஏற்றது. 2010இல் ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் தட்டச்சிடப்பட்ட கோப்புகள், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற இலத்தீன் குறிகளின் கோவையாகவே தோன்றும். வட்டும் நலம், இயக்கியும் நலம், கோப்பும் திறக்கிறது. ஆவணம் மட்டும் படிக்க இயலாததாக உள்ளது.

மாற்றி மென்பொருள் இதற்குத் தீர்வு தரும் என்பது உண்மையே. ஆயினும் மாற்றம் இயந்திர வேலை மட்டுமன்று. பழைய குறியேற்றங்கள் எழுத்தைக் காட்சி வரிசையில் சேமித்தன. எடுத்துக்காட்டாக, ‘கொ’ என்னும் எழுத்து ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகளாக அமைந்தது. ஒருங்குறியிலோ ககரம் முதலிலும் ஒகர உயிர்க்குறி அடுத்தும் வரும். வரிசையை மாற்றியமைக்கையில் பிழை நேரலாம். ஔகாரக் குறியின் இடத்தில் ளகரத்தைத் தட்டச்சிடும் பழக்கம் இதனை மேலும் சிக்கலாக்கியது. ‘கௌரி’ என்னும் பெயர் ‘கெளரி’ எனச் சேமிக்கப்பட்டால், திரையில் காண்பவருக்கு வேறுபாடு எளிதில் புலப்படாது; தேடுபொறிக்கோ அவை இருவேறு சொற்கள். ஓய்வூதியப் பட்டியலில் அப்பெயரைத் தேடும் அலுவலர், பதிவு இல்லை என்றே விடை கூறுவார். ஆவணம் இருந்தும் இல்லாததாகும் நிலை இது.

ஆகவே ஊடகம் என்னும் சொல்லுக்கு வட்டு, நாடா என்ற பொருளோடு குறியேற்றம், கோப்பு வடிவம் ஆகியவற்றையும் உள்ளடக்கிய விரிந்த பொருள் தேவைப்படுகிறது. நெடுங்காலக் காப்புக்கென 2005இல் பன்னாட்டுத் தரமாக வெளிவந்த பிடிஎஃப்/ஏ வடிவம், எழுத்துருவைக் கோப்பினுள்ளேயே பொதிந்துவைக்க வேண்டும் என விதிப்பது இவ்வுணர்வின் வெளிப்பாடாகும்.

5. ஊடகங்களின் இயல்பும் பொருத்தமும்

மேற்கண்ட அளவுகோல்களைக் கொண்டு, வழக்கிலுள்ள ஊடகங்களை மதிப்பிடலாம். அமிலமற்ற தாளும் நுண்படச்சுருளும் மனிதக் கண்ணால் நேரடியாகவோ, உருப்பெருக்கி ஒன்றின் துணையாலோ படிக்கத்தக்கவை. தேடுவதற்கும் பகிர்வதற்கும் இவை மெதுவானவை. ஆனால் சிலகாலக் கவனிப்பின்மையைத் தாங்கும் இயல்புடையவை. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தன் அரிய அச்சுநூல்களை முதலில் நுண்படமாக்கிப் பின்னர் மின்மயமாக்கும் வழியைப் பின்பற்றியது. ஓர் ஊடகம் மற்றொன்றுக்கு மூலமாக அமையும் வகைக்கு இது தக்க சான்று.

வன்தட்டு விரைவானது, அடிக்கடி சரிபார்ப்பதற்கும் படியெடுப்பதற்கும் எளிது. அதன் அசையும் உறுப்புகள் முன்னறிவிப்பின்றிப் பழுதாகலாம் என்பதால் தனியொரு வன்தட்டைக் காப்புப்படியாகக் கொள்வது தகாது. எழுதத்தக்க குறுவட்டும் பல்திறன் வட்டும் சாயப் படலத்தில் பதிவைத் தாங்குவதால் வெப்பத்துக்கும் ஒளிக்கும் ஆளாகிச் சிதையும். அவற்றின் சந்தையும் சுருங்கிவருகிறது. எழுதத்தக்க புளூரே வட்டுகளின் உற்பத்தியை 2025 பெப்ரவரியோடு சோனி நிறுத்திக்கொண்டது. காந்த நாடா பெருந்தொகுதிக்குச் சிக்கனமானது. இயக்கியிலிருந்து எடுத்துவைத்தால் வலையமைப்பு வழியாக எவராலும் அழிக்கப்பட முடியாதது. இயக்கியின் விலையும் தலைமுறை மாற்றமும் அதன் குறைகள்.

மேகச் சேமிப்பு தனியோர் ஊடகமன்று. அது பிறருடைய வட்டுகளிலும் நாடாக்களிலும் இடம்பெறுவதற்கான ஒப்பந்தமாகும். அங்கு ஆராயப்பட வேண்டியவை வட்டின் ஆயுளைவிட ஒப்பந்தத்தின் விதிகளே: ஆவணங்களைத் திரும்பப் பெறும் செலவு, சேவை நிறுத்தப்பட்டால் தரப்படும் கால அவகாசம், தரவு இருக்கும் நாடு, அழித்ததை மெய்ப்பிக்கும் முறை ஆகியன. கட்டணம் ஓர் ஆண்டு தவறினால் ஆவணத்தின் நிலை என்ன என்னும் வினாவுக்கு ஒப்பந்தத்தில் விடை இல்லாவிடில், அச்சேமிப்பை நெடுங்காலக் காப்பு எனக் கொள்ள இயலாது.

6. எண்ணிக்கையும் இடமும்

ஊடகத்தின் தன்மையைவிடப் படிகளின் எண்ணிக்கையும் இடமும் முடிவைத் தீர்மானித்த நேர்வுகள் பல. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஏட்டுச்சுவடிகளும் அவற்றோடு அழிந்தன. வேறிடத்தில் படியுள்ள அச்சுநூலை மீண்டும் தேடிப்பெற முடிந்தது. தனிப்படியாக இருந்த சுவடிக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஓலையின் ஆயுள் எவ்வளவு என்னும் கணக்கு அத்தீயின் முன் பொருளற்றதாயிற்று.

மின்னூடகக் காலத்திலும் இதே பாடம் மீண்டும் கற்பிக்கப்பட்டுள்ளது. தென்கொரியாவின் டேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பரில் தீ விபத்து நேர்ந்தது. அரசு அலுவலர்கள் தம் பணிக்கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் தொகுதி அதில் அழிந்தது. 858 டெராபைட் அளவுள்ள அத்தொகுதிக்கு வேறிடத்தில் காப்புப்படி இல்லை. அதன் பேரளவே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. ஒப்பிடத்தக்க மற்றொரு நேர்வு, 2011 பெப்ரவரியில் கூகுளின் மின்னஞ்சல் சேவையில் ஏற்பட்டது. மென்பொருள் பிழையொன்று இணைப்பிலிருந்த பல படிகளையும் ஒருசேரப் பாதித்தது. இணைப்புக்கு வெளியே நாடாவில் இருந்த படியைக் கொண்டே அஞ்சல்கள் மீட்கப்பட்டன. முதல் நேர்வு படிகள் வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டியதையும், இரண்டாவது நேர்வு அவை வெவ்வேறு வகை ஊடகங்களில் இருக்க வேண்டியதையும் உணர்த்துகின்றன. மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், ஒரு படி வெளியிடத்தில் என்று தொழில்துறையினர் கூறும் நெறியின் அடிப்படை இதுவே.

7. சட்டத்தின் நோக்கு

இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 7ஆம் பிரிவு மின்னணு ஆவணக் காப்பைப் பற்றியது. அப்பிரிவு எந்த ஊடகத்தையும் பெயர்சுட்டி விதிக்கவில்லை என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. பிற்காலத்தில் பார்வையிடத்தக்க வகையில் தகவல் அணுகக்கூடியதாக இருத்தல், உருவான வடிவத்திலோ அதனைத் துல்லியமாகக் காட்டும் வடிவத்திலோ காக்கப்படுதல், தோற்றம், சேருமிடம், அனுப்பிய அல்லது பெற்ற நாள், நேரம் ஆகியவற்றை அறியத் துணைசெய்யும் விவரங்கள் இருத்தல் ஆகிய நிபந்தனைகளையே அது முன்வைக்கிறது. சட்டம் பொருளின் ஆயுளைக் கேட்கவில்லை. வாசிப்பையும் மெய்ம்மையையும் தோற்றத்தையும் கேட்கிறது.

2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டம், 2023இன் 63ஆம் பிரிவு இந்நோக்கை மேலும் கூர்மையாக்குகிறது. மின்னணு ஆவணத்தைச் சான்றாக முன்வைப்போர் அளிக்க வேண்டிய சான்றிதழில் ஹேஷ் மதிப்பும் இடம்பெறுகிறது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் இவ்வெண், கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும். ஆவணம் உருவான நாளிலேயே அதனைக் கணித்துத் தனியே பதிந்துவைக்கும் நிறுவனம், பின்னர் எத்தனை ஊடகங்களுக்குப் படியெடுத்தாலும் படியின் மெய்ம்மையைக் காட்ட இயலும். பழங்கற்படி என்ற குறிப்பு அன்று ஆற்றிய பணியின் ஒரு பகுதியை இன்று இவ்வெண் ஆற்றுகிறது. எனினும் ஹேஷ் மதிப்பு, உள்ளடக்கம் மாறவில்லை என்பதை மட்டுமே கூறும். குறியேற்றமோ கோப்பு வடிவமோ மாற்றப்படும்போது அதுவும் மாறிவிடுமாதலால், யார், எப்போது, எதிலிருந்து எதற்கு மாற்றினார் என்னும் பதிவேடும் உடனிருத்தல் வேண்டும்.

8. ஒரு மறுப்பும் அதன் விடையும்

தொடர்ந்து படியெடுக்கும் ஆற்றலே முதன்மை என்னும் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஊழியரும் நிதியும் உள்ள பெருநிறுவனங்களுக்கே அது பொருந்தும். ஓர் ஊர்ப்புற நூலகமோ சிறிய அறக்கட்டளையோ ஐந்தாண்டுக்கு ஒருமுறை தன் ஆவணங்களை இடம்பெயர்க்க இயலாது. அத்தகைய நிறுவனத்துக்கு நீண்ட ஆயுளுடைய ஊடகமே புகலிடம் என்பது அம்மறுப்பு.

இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆயினும் அது மேற்கண்ட வாதத்தை வீழ்த்தாமல் அதனைச் செம்மைப்படுத்துகிறது. நிறுவனத்தின் ஆற்றலை அளந்தே ஊடகத்தைத் தேர வேண்டும் என்றால், ஆற்றல் குறைந்த நிறுவனம் கவனிப்பின்மையைத் தாங்கும் ஊடகத்தைத் தேர்வதே முறையாகும். நிலைபேறுடைய சிறு பகுதி ஆவணங்களைத் தரமான தாளிலோ நுண்படத்திலோ வைத்து, அவற்றின் மின்படியைப் பெரிய நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைப்பது அதற்கு இயலும் வழி. எல்லாவற்றையும் மின்மயமாக்கிவிட்டுத் தாள்மூலத்தைக் களைவதே இத்தகைய நிறுவனங்களுக்கு நேரக்கூடிய பெருந்தீங்கு. படிமமாக்கல் காப்பின் நிறைவன்று. புதியதொரு காப்புக் கடமையின் தொடக்கமாகும்.

மேலும், எல்லா ஆவணமும் நிலையாகக் காக்கத்தக்கதன்று. ஏழாண்டு தேவைப்படும் பற்றுச்சீட்டையும் என்றும் தேவைப்படும் நிலவுரிமைப் பத்திரத்தையும் ஒரே ஊடகத்தில் ஒரே செலவில் காப்பது, பின்னதற்கு வேண்டிய வளத்தை முன்னதற்குச் செலவிடுவதாகும். எனவே ஊடகத் தேர்வுக்கு முன் ஆவண வகைப்பாடும் காப்புக்கால அட்டவணையும் அமைதல் இன்றியமையாதது. அதன்பின் எழ வேண்டிய வினாக்களைப் பின்வருமாறு வரிசைப்படுத்தலாம்: இவ்வாவணம் எத்தனை ஆண்டு தேவை? அதுவரை இதனைப் படிக்கும் கருவியும் வடிவமும் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனத்தாரிடம் கிடைக்குமா? இடையில் சிதைவைக் கண்டறியச் சோதனை செய்பவர் யார்? படியெடுக்க வேண்டிய ஆண்டு எது, அதற்கான நிதி எத்தலைப்பில் உள்ளது? வேறிடத்தில், வேறு வகை ஊடகத்தில் உள்ள படி எது? ஊடகத்தின் ஆயுளும் விலையும் இவ்வினாக்களுக்குப் பின்னரே கேட்கத்தக்கவை.

முடிவுரை

சேமிப்பூடகத் தேர்வை ஒருமுறை செய்து முடிக்கும் கொள்முதலாகக் காண்பதே நீடிப்புமையப் பார்வையின் அடிப்படைப் பிழை என்பது இவ்வாய்வால் பெறப்படுகிறது. டூம்ஸ்டே ஒளிவட்டு இயக்கியை இழந்தது; எல்டிஓ நாடா தலைமுறை மாற்றத்தைச் சந்தித்தது; தமிழ்க்கோப்பு குறியேற்றத்தை இழந்தது; டேஜான் தொகுதிக்கு இரண்டாவது இடம் இல்லாமற்போயிற்று. இவற்றுள் எந்த இழப்பையும் ஊடகத்தின் ஆயுட்கால எண் முன்னறிவிக்கவில்லை.

திருமழபாடியின் கல் அங்கேயே இருந்திருந்தாலும், விமானம் பிரிக்கப்பட்ட நாளில் அக்கல்லில் இருந்த ஆவணம் சிதறியிருக்கும். அதனைக் காத்தது, பிரிப்பதற்கு முன் படியெடுக்குமாறு பிறந்த ஆணையும், அப்படியைப் பேணிய பொறுப்பும், மீண்டும் பொறித்த கடமையுணர்வும் ஆகும். இன்றைய நிறுவனம் தன் ஊடகத்தைத் தேரும் கோப்பிலேயே அடுத்த படியெடுப்பின் ஆண்டையும் அதற்குப் பொறுப்பான பதவியையும் எழுதிவைக்குமாயின், அதன் தேர்வு சரியான திசையில் தொடங்கியுள்ளது எனக் கருதலாம். தமிழ்க் குறியேற்ற மாற்றத்தின்போது அரசு, கல்வி நிறுவனங்களின் கோப்புகளில் நேர்ந்த சிதைவை வகைப்படுத்திக் கணக்கிடுதல் இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும்.